செல்லி முட்டித் தள்ளிய செவலைக்குட்டி

குட்டி போட்ட ஆட்டுக்கு உடனே தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா?

சிரிக்காதீர்கள். போன மாதம் ஒரு மத்தியான வேளையில் இந்தக் கேள்வியைக் கண்ணில் பட்ட அத்தனை பேரிடமும் கேட்டுக்கொண்டு நின்றேன். "குடுக்கலனா செத்துப்பூடும்" என்றார் ஒருவர். "குடுத்தா செத்துப்பூடும்" என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்றவர். இரண்டு பேர் குரலிலும் துளி சந்தேகம் இல்லை.

சந்தேகமெல்லாம் எனக்குத்தான். ஒரு கையில் சொம்பு, மறு கையில் செல்போன். எதிரே ரத்தமும் ஈரமுமாக ஒரு ஆடு. அதன் பின்னால் ஏதோ தொங்கிக்கொண்டிருக்கிறது. அது தொங்கலாமா, கூடாதா? அதுவும் எனக்குத் தெரியாது!

இந்தக் கதையை அப்போதே எழுதியிருக்கலாம். ஆனால் கதை முடியவில்லை. அதனால்தான் நடுவில் இந்தப் பக்கத்தில் மெட்ரோ ரயிலைப் பற்றியும் மாங்காய் ஊறுகாயைப் பற்றியும் எழுதி ஒப்பேற்றினேன். பொறுத்துக்கொண்டீர்கள். இப்போது முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரரின் தங்கை மல்லிகா பழவேற்காட்டில், கோட்டைக்குப்பத்தில் இருக்கிறாள். அவள் கணவர் தேசிங்கு ஏரியில் இறால் பிடிக்கிறவர். சென்னையில் எங்கள் தெருவில் மாதக்கணக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு வரி எழுத முடியவில்லை. "நீ இங்க வந்து குந்திக்கினு எழுது அண்ணி, காத்தாவது வரும்" என்றாள் மல்லிகா. போனேன்.

போய்ப் பையைக்கூடப் பிரிக்கவில்லை... சுண்ணாம்புக்குளத்திலிருந்து சாவுச் செய்தி. தேசிங்கின் நைனாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. பிள்ளை இல்லாத மனிதர். தேசிங்குதான் கொள்ளி வைக்க வேண்டும், காரியம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு பேரும் அவசர அவசரமாகக் கிளம்பினார்கள். வாசலில் பைக் உறுமிக்கொண்டிருக்க, மல்லிகா பின்சீட்டிலிருந்தே சொன்னாள்:

"செல்லி செனையா கீது அண்ணி. இன்னும் நாள் கீது, பயப்படாத. காலைல அவுத்து வுட்டா கோட்ட மேட்டுக்குத் தானா போவும், தானா வரும். சாயந்திரம் கயித்துல கட்டுனா போதும்."

செல்லி என்பது அவளுடைய ஆடு. கண்ணைத் தவிர எல்லாம் கறுப்பு. என்னைப் பார்த்து அசை போட்டுக்கொண்டே நின்றது. கயிற்றில்தானே கட்ட வேண்டும்? அது என்ன பெரிய வேலை?

மறுநாள் மத்தியானம், வழக்கத்துக்கு முன்னாலேயே மற்ற வீட்டு ஆடுகள் திமுதிமுவென்று ஓடி வந்தன. செல்லி வரவில்லை.

பக்கத்து வீட்டு ராணி வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "இன்னா யக்கா, செல்லி வரலயா? வா, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

கோட்டை மேடு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிடாதீர்கள். டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள், துணி வாங்கி விற்றார்கள், சண்டை போட்டார்கள், செத்து, பக்கத்திலேயே கல்லறை கட்டிப் படுத்துவிட்டார்கள். கல்லறை இருக்கிறது. கோட்டை இல்லை. ஒரு மேடு, உடைந்த செங்கல், ஆள் உயரத்துக்கு முள்ளுச்செடி... அவ்வளவுதான். கருவேலங்காய் உதிரும் காலத்தில் ஊர் ஆடுகள் மொத்தமும் அங்கேதான் மேயும்.

ராணி முள்ளை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். "செல்லீ... செல்லீ..." உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது.

செங்கல் குவியலுக்குப் பின்னால் செல்லி நின்றது. காலடியில் கறுப்பாக ஒரு குட்டி. அதை நக்கு நக்கென்று நக்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, செவலை நிறத்தில் இன்னொன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஈரம் காயாமல், எறும்பு ஊரத் தொடங்கிய உடம்போடு, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது.

"ரெட்டக்குட்டி யக்கா!" என்று கத்தினாள் ராணி.

ஒரு ஆடு, இரண்டு குட்டி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? செவலைக்குட்டியை என் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கறுப்புக்குட்டியை ராணி செல்லியின் மூக்குக்கு எட்டுகிற மாதிரி தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். செல்லி அதை முகர்ந்துகொண்டே அவள் பின்னால் வந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டு வாசலில் ஆலோசனைக் கூட்டம் கூடிவிட்டது.

எதிர்வீட்டுக் குப்பன் மாமா, "நஞ்சு வுழற வரைக்கும் தண்ணி காட்டாதம்மா. குட்டியையும் மடில வுடாத" என்றார். பின்னால் தொங்கும் நஞ்சுக்கொடியைத்தான் நஞ்சு என்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "வெந்நில வெல்லத்தக் கரைச்சிக் குடுக்கணும், இல்லாங்காட்டி மயங்கி வுழுந்துடும்" என்றாள் ராணி. தோளில் வலையோடு அந்த வழியே போன ஒருவர் நின்று நிதானமாக இன்னொரு யோசனை சொன்னார்: "தொங்குறதுல ஒரு பழைய செருப்பக் கட்டுங்க. வெயிட்டுக்குத் தானா வந்துடும்."

செருப்பா? யாருடைய செருப்பு? என்னுடையதா?!

மல்லிகாவுக்கு போன் போட்டேன். பின்னணியில் பறைச் சத்தம். அவள் சொன்னதில் "டாக்டரு" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. நல்லவேளை, நம்பரை மெசேஜில் அனுப்பினாள். கால்நடை டாக்டர் எங்கேயோ ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே பேசினார்.

"யாரும் எதையும் புடிச்சு இழுக்காதீங்கம்மா. செருப்பா? வேண்டவே வேண்டாம். அது தானா விழும். காலைக்குள்ள விழலைன்னா எனக்குச் சொல்லுங்க. வெதுவெதுன்னு தண்ணி, வெல்லம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா காட்டுங்க. முக்கியமா, குட்டிங்க ரெண்டும் சீம்பால உடனே குடிக்கணும். நஞ்சு விழட்டும்னு காத்துட்டு இருக்காதீங்க. தொப்புளுக்கு டிஞ்சர் வைங்க."

நான் இதை அப்படியே ஒப்பித்தேன். குப்பன் மாமா மேலும் கீழுமாகப் பார்த்தார். "போன்லயே நாடி புடிச்சிப் பாத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

எனக்கும் முழு நம்பிக்கை இல்லைதான். ஆனால் சொம்பை நீட்டியதும் செல்லி ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு, இன்னும் கொண்டா என்பதுபோலப் பார்த்தது. கறுப்புக்குட்டி தட்டுத் தடுமாறி எழுந்து மடியைத் தேடிப் பிடித்தது. பொழுது சாய்வதற்குள் நஞ்சும் விழுந்தது. செல்லியும் தின்னாமல், நாயும் இழுக்காமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தாள் ராணி. அப்பாடா என்று கால் நீட்டி உட்கார்ந்தேன்.

குழப்பம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

செவலைக்குட்டியைத் துடைத்து, கோணியில் படுக்கவைத்து, கொஞ்சம் தெம்பு வந்ததும் மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். செல்லி முகர்ந்து பார்த்தது. ஒரு அடி பின்வாங்கியது. தலையைத் தாழ்த்தி — தொப்பென்று ஒரு முட்டு. குட்டி உருண்டு போய்ச் சுவரோரம் விழுந்தது.

மறுபடி கொண்டுபோனேன். மறுபடி முட்டு.

கறுப்புக்குட்டி காலுக்கு நடுவில் நுழைந்தால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. செவலை வந்தால் ராட்சசி ஆகிவிடுகிறது. ஒரே வயிறு, ஒரே நாள்... ஒன்றுக்கு நக்கு, ஒன்றுக்கு முட்டா?

"சில ஆடு அப்படித்தான் யக்கா, ஒன்னத்தான் சேத்துக்கும்" என்றாள் ராணி. டாக்டரும் அதையே சொன்னார். "கட்டிப் போட்டுப் பிடிச்சு ஊட்டுங்க. உப்புத் தண்ணியோ வெல்லமோ குட்டி மேல தடவுங்க. நக்க ஆரம்பிச்சுட்டா ஏத்துக்கும்."

நான் கொம்பைப் பிடிப்பேன். என் முழங்கால் செல்லியின் விலாவில், செல்லியின் மறுபக்கம் சுவரில். ராணி குட்டியின் வாயை விரித்துக் காம்பை உள்ளே வைப்பாள். செல்லி திமிறும், உதைக்கும், என் கால்மேல் மூத்திரம் போகும். இப்படி நாள் முழுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுவில் அதற்கு அகத்திக்கீரை ஒடித்துப் போட வேண்டும், கஞ்சி காய்ச்ச வேண்டும், மடி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். எழுதக் கொண்டுபோன பேப்பர்? அதைச் செல்லி தின்றுவிட்டது.

ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "நீயெல்லாம் ஒரு தாயாடி? பெத்த பிள்ளையில இது ஒசத்தி, அது மட்டமா?" என்று கத்திக்கொண்டிருந்தபோது என் பெரிய மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். போனைக் காதில் வைத்தேனே தவிர, திட்டுவதை நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே, "அந்த ஆட்டை விடும்மா. அதுக்கும் சின்னது மேலதான் பாசம் போல" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கொம்பைப் பிடித்தபடியே நின்றேன். என்ன சொல்கிறாள் இவள்? நான் அப்படியா? இல்லையே! ...இல்லையா?

ராணிதான் உலுக்கினாள். "யக்கா, குட்டி குடிச்சி முடிச்சிடுச்சி. கொம்ப வுடு."

செவலைக்குட்டி பிழைக்குமா என்பதே சந்தேகமாக இருந்த நாட்கள் அவை. ஒரு நாள் கழிச்சல் கண்டது. காது சில்லென்று ஆகிவிட்டது. மடியில் போட்டுக்கொண்டு, என் உடம்புச் சூட்டில் வைத்தபடி, டாக்டர் சொன்ன உப்பு சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனில் விட்டேன். விழுங்கியது. அது விழுங்குவதை என் விரலால் தொண்டையில் தொட்டு உணர முடிந்தது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் நான் ராணியைப் பார்ப்பேன். அவள் தலையாட்டுவாள். ஆட்டுக்காக ஆட்டுக்காரிகூட இப்படிப் பதறமாட்டாள். எனக்கு என்ன ஆயிற்று?

பிறகு ஒரு காலையில், யாருமே எதிர்பார்க்காதபோது...

வெல்லம் தடவிய செவலை, தானாகவே தள்ளாடிப் போய்ச் செல்லியின் பின்னங்கால் பக்கம் நின்றது. நான் கொம்பைப் பிடிக்க ஓடினேன். அதற்குள் செல்லி தலையைத் திருப்பிக் குட்டியின் வாலடியில் முகர்ந்தது. முட்டவில்லை. நக்கியது! ஒரு தடவை... இன்னொரு தடவை... குட்டி பாலைக் குடிக்கிற சத்தம் கேட்டது.

"யக்கா!" என்று ராணி போட்ட கூச்சலில் குப்பன் மாமா வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டார். நான் அழுதேன். ஒரு ஆடு நக்கியதற்கு. என்னுடைய ஆடுகூட இல்லை.

அந்தச் சந்தோஷத்தை ஒரு பகல் முழுக்க அனுபவிக்க விட்டார்களா?

மத்தியானம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் மீன் கூடை. மேட்டுக்கு அந்தப் பக்கம், மார்க்கெட் ஓரம் குடியிருக்கும் கன்னியம்மா. ராணிக்குத் தெரிந்தவள்தான். உள்ளே வராமல் அங்கிருந்தே செவலைக்குட்டியைப் பார்த்தாள். அதன் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள்.

"யம்மா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க" என்று என்னிடம் ஆரம்பித்தாள். "என் ஆடு தலை ஈத்து, இதான் மொதக்குட்டி. அன்னிக்கு மேட்டுல காலேஜ் புள்ளைங்க வேனு நெறைய வந்து எறங்குச்சி, கோட்ட பாக்கறோம்னு. என்னமோ ஒன்ன மேல பறக்க வுட்டு படம் புடிச்சிதுங்க. ஆடெல்லாம் செதறி ஓடிச்சி. என் ஆடு வீட்டுக்கு வருது — பின்னால ரத்தம், நஞ்சு தொங்குது, வயிறு காலி. குட்டி இல்ல. நான் போய் முள்ளு முள்ளாத் தேடுனேன். நாய் தூக்கினு பூடுச்சின்னு வுட்டுட்டேன். நேத்து மார்க்கெட்ல ராணி சொல்லினு இருந்துச்சி, செல்லி ஒரு குட்டிய சேத்துக்கல, செவலக்குட்டினு..."

குட்டியின் நெற்றியைக் கை நீட்டிக் காட்டினாள். "என் ஆடும் செவலதாம்மா. நெத்தில இதே பொட்டு."

ராணி எகிறினாள். "அதெப்படி? நாங்க கண்ணால பாத்தோம். ரெண்டும் செல்லி பக்கத்துல கெடந்துச்சி!"

"பக்கத்துல கெடந்தா அது பெத்ததாயிடுமா?"

"இன்னா, திருடினு வந்துட்டோம்ன்றியா?"

"நான் அப்படிச் சொன்னனா? திருடினேன்னு சொன்னனா?"

நான் நடுவில் நின்றேன். என் காதில் இரண்டு பேர் சொல்வதும் விழவில்லை. அன்றைக்கு முள்ளுக்குள் பார்த்தது மட்டும் கண்ணுக்குள் ஓடியது. கொஞ்சம் தள்ளிக் கிடந்த குட்டி. அதை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத செல்லி. வரும் வழியெல்லாம் ஒரே ஒரு குட்டியை மட்டும் முகர்ந்துகொண்டு வந்த செல்லி.

அது முதல் நிமிடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இது என்னுடையது இல்லை, என்னுடையது இல்லை என்று. நாங்கள் கொம்பைப் பிடித்து, சுவரில் சாய்த்து, வெல்லம் தடவி, தாயா நீ என்று திட்டி...

"கொண்டுபோய்க் காட்டிடலாம் ராணி. பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றேன்.

குட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். ராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். கன்னியம்மா வீடு நெருங்கும்போதே அவளுடைய ஆடு கத்துவது கேட்டது. தொண்டை கட்டிய குரல். "அன்னிலேர்ந்து இப்படித்தான் கத்துது. பாலு கட்டி, மடி கல்லு மாதிரி ஆயிடுச்சி. கையால பீச்சி வுடறேன். தொட்டா உசுரு போற மாதிரி துடிக்குது" என்றாள் கன்னியம்மா.

செவலை ஆடு. நெற்றியில் பொட்டு. பார்த்தாலே போதும், கேள்வியே இல்லை. குட்டியை இறக்கி விட்டேன்.

ஆடு கத்துவதை நிறுத்தியது. கழுத்தை நீட்டி முகர்ந்தது. கன்னியம்மா இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். நானும்தான்.

தொப்பென்று ஒரு முட்டு.

குட்டி உருண்டு என் காலடியிலேயே வந்து விழுந்தது. என்ன செய்யும் அந்த ஆடு? குட்டியின் மேல் இருந்ததெல்லாம் வெல்ல வாசனை, செல்லியின் எச்சில் வாசனை, என் புடவை வாசனை. பெற்ற வாசனை எங்கே போயிற்று? நாங்கள்தானே துடைத்தோம்!

முட்டிவிட்டு, தலையைத் தூக்கி, குட்டியைக் காணோமே என்று மறுபடி கத்த ஆரம்பித்தது அது. குட்டி எதிரிலேயே நிற்கிறது!

கன்னியம்மா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி... இதாண்டி அது. நீ பெத்ததுதாண்டி..." என்று ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இதைப் பார்த்ததும் ராணியின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, "வுடு கன்னிமா, வுடு" என்று முதுகைத் தடவினாள்.

யோசித்து யோசித்துக் கடைசியில் குட்டியை மறுபடி மல்லிகா வீட்டுக்கே எடுத்துக்கொண்டு திரும்பினோம். தெருமுனையிலேயே கேட்டது, செல்லியின் குரல். கறுப்புக்குட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. பிறகு யாரைக் கூப்பிடுகிறது?

என் கையில் இருந்த செவலை பதிலுக்குக் கத்தியது.

இத்தனை நாளும் அதை ஒரு தடவைகூடக் கூப்பிடாத செல்லி, அது உன் குட்டி இல்லை என்று நாங்கள் முடிவு செய்த அன்றைக்குத்தான் கூப்பிட வேண்டுமா?

காரியம் முடிந்து மல்லிகா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது ஒரு தீர்ப்பு சொல்வாள் என்று நினைத்தேன். "அய்யோ, எனக்கும் ஒன்னும் பிரியலையே அண்ணி" என்றாள்.

கடைசியில் மல்லிகாவும் கன்னியம்மாவுமாகப் பேசிக்கொண்டார்கள். குட்டி கன்னியம்மாவுடையது, அதில் பேச்சில்லை. பால் மறக்கும்வரை செல்லியிடம் இருக்கட்டும். ஆனால் அந்தப் பக்கத்து ஆட்டின் மடி? அதற்கும் குட்டி வாய் வைத்தால்தான் வலி தீரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் காலையில் கன்னியம்மா வந்து தூக்கிக்கொண்டு போவாள். நாங்கள் செல்லியிடம் செய்ததையெல்லாம் அவள் தன் ஆட்டிடம் செய்தாள். கொம்பு, சுவர், உப்பு, வெல்லம்... அவள் ஆடு இதுவரை நக்கவில்லையாம். ஆனால் முட்டுவதை விட்டுவிட்டது. கத்துவதையும் விட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறதாம், அது குடித்து முடிக்கும்வரை. ஏற்றுக்கொண்டதா, இல்லையா? யாருக்குத் தெரியும்.

திரும்பிக் கொண்டுவரும்போது கன்னியம்மா செல்லிக்கென்று ஒரு கை அகத்திக்கீரையும் எடுத்து வருகிறாளாம்.

போன வாரம் மல்லிகா வீடியோ கால் போட்டுக் காட்டினாள். பெயர் வைப்பதிலும் சண்டை. கன்னியம்மா "பொட்டு" என்கிறாள். கோட்டை மேட்டில் கிடைத்ததால் ராணிக்கு அது "டச்சு". எந்தப் பெயருக்கும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. கறுப்புக்குட்டியைவிட ஒரு சுற்றுப் பெருத்து, செல்லியின் முதுகின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது.

பெற்றவள் யார், வளர்த்தவள் யார், அது யார் வீட்டுப் பிள்ளை என்று நாங்கள் ஐந்தாறு பேர் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். அது இரண்டு வீட்டிலும் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்குகிறது.

இந்தக் குழப்பத்தில் கொழுத்தது அது ஒன்றுதான்!